கேப்சூல்ல அரளிக்கொட்டை: வாசகர் கேள்வி பதில்

மூலிகையை பவுடரா வாங்காதீங்க, முடிஞ்சவரைக்கும் முழுசா வாங்குங்கன்னு போன மாசம் ஒரே ஒரு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகளைப் பார்த்தா இந்த மாசம் முழுக்க இதையே எழுதலாம் போல இருக்கு. பாதி பேர் நன்றி சொல்லியிருக்காங்க, மீதி பேர் திட்டியிருக்காங்க. ரெண்டு பக்கத்துக்கும் சேர்த்து பதில்.

என் தங்கச்சி நியூ ஜெர்சில இருக்கா. உடம்பு குறைய ஏதோ மெக்சிகோ வேர்னு ஆன்லைன்ல வாங்கி சாப்பிடறா, பொங்கலுக்கு வர்றப்ப எனக்கும் ரெண்டு பாட்டில் கொண்டு வர்றாளாம். அதுல அரளி விதை இருக்குன்னு ஒருத்தர் சொல்றாரு. வாட்ஸ்அப் புரளி தானே? (வாசகி, மடிப்பாக்கம்)

புரளி இல்லம்மா, நிஜம். அந்த வேருக்குப் பேரு தெஹோகோத்தே. மெக்சிகோல வளர்ற ஒரு பழ மரத்தோட வேர், அந்தப் பழத்துல எந்தப் பிரச்சனையும் இல்ல, அங்க பண்டிகைக்கு சாப்பிடறாங்க. 2022 செப்டம்பர்ல நியூ ஜெர்சிலயே ரெண்டு வயசு கூட ஆகாத ஒரு பையன் வீட்டுல கிடந்த இந்த சப்ளிமென்ட்டை எடுத்து வாயில போட்டுட்டான், வாந்தி, அசந்து அசந்து தூங்கறான், இதயத்துடிப்பு இறங்கிடுச்சு. ஆஸ்பத்திரில ரத்தத்தைப் பார்த்தா டிஜாக்சின்னு இதயத்துக்கு குடுக்கற மருந்து இருக்கற மாதிரி காட்டுது, ஆனா வீட்டுல யாருமே அந்த மாத்திரை சாப்பிடறது இல்ல. அப்புறம் ஆன்லைன்ல இதே பேர்ல விக்கற 10 சரக்கை வாங்கி லேப்ல போட்டுப் பார்த்தாங்க, அதுல 9 வந்து மஞ்சள் அரளி. வேரே கிடையாது. 2023ல அமெரிக்க நோய்த்தடுப்பு மையமான சிடிசி இதை ரிப்போர்ட்டா வெளியிட்டுச்சு, அதுக்கப்புறம் அங்க உணவு, மருந்தைக் கண்காணிக்கற எஃப்டிஏவும் வரிசையா பிராண்டுகளை டெஸ்ட் பண்ணி எச்சரிக்கை போட்டுக்கிட்டே இருக்கு. இதே கதை 'இந்தியா கொட்டை'ன்னு பேர் வச்சு விக்கற இன்னொரு சரக்குலயும். பேர்ல இந்தியா இருக்கு, லேபிள்ல வேற ஏதோ மரத்தோட கொட்டைன்னு போட்டிருக்கு, உள்ள இருக்கறது அரளிக்கொட்டை.

மஞ்சள் அரளின்னா நம்ம ஊர் பொன்னரளிதான், சில பேர் திருவாச்சின்னும் சொல்வாங்க. மெட்ராஸ்ல ரோட்டு நடுவுல, பார்க்குல, பிள்ளையார் கோவில் ஓரத்துல எல்லா இடத்துலயும் நிக்குமே, மணி மாதிரி தொங்கற மஞ்சப் பூ, பச்சைக் காய், காயை உடைச்சா பால் வடியும், உள்ள பழுப்பு நிறத்துல முக்கோணமா ஒரு கெட்டியான கொட்டை. தமிழ்நாட்டுல அந்தக் கொட்டையோட குணம் எந்தப் பாட்டிக்கும் தெரியும், கிராமத்து ஆஸ்பத்திரில டூட்டி பார்த்த எந்த டாக்டரைக் கேட்டாலும் ராத்திரி அரளி கேஸ் வந்த கதை சொல்வாரு. அந்தச் செடிக்கு பூர்வீகமே மெக்சிகோ பக்கம்தான், அங்கேருந்துதான் நமக்கு வந்தது. இதை எப்படி உடம்பு குறைக்கற மருந்துன்னு விக்கறாங்கன்னு கேட்டா, சாப்பிட்டா வாந்தியும் பேதியும் போகும், தராசுல ஏறி நின்னா ஒரு கிலோ குறைஞ்சு காட்டும், அதுக்கு டீடாக்ஸ்னு ஒரு பேரு, அவ்வளவுதான்.

தங்கச்சி கிட்ட இன்னைக்கே பேசி நிறுத்தச் சொல்லுங்க. 'இத்தனை நாளா ஒண்ணும் ஆகலையே'ன்னு அவ சொல்வா, ஒவ்வொரு பாட்டில்லயும் எவ்வளவு விஷம் இருக்குன்னு விக்கறவனுக்கே தெரியாதுன்னு சொல்லுங்க. தலைசுத்தல், வாந்தி, நெஞ்சு படபடப்பு இருந்தா அந்த பாட்டிலையும் கையோட எடுத்துக்கிட்டு டாக்டர் கிட்ட போகணும், இசிஜியும் ரத்தத்துல பொட்டாசியமும் பார்ப்பாங்க.

டிஜாக்சின் சாப்பிடாதவங்க ரத்தத்துல டிஜாக்சின் எப்படி வரும்? எனக்கு இது புரியவே இல்ல. (ரிட்டயர்டு ஆசிரியர், கொளத்தூர்)

நல்ல கேள்வி சார், துப்பே இதுலதான் கிடைக்குது. டிஜாக்சின் எடுக்கறது டிஜிட்டாலிஸ்ங்கற செடியிலேருந்து. அரளில இருக்கற தீவெட்டின், நெரிஃபோலின் எல்லாம் அதே வகையறா, இந்த வகையறாவுக்கு இதய கிளைக்கோசைடுன்னு பேரு, எல்லாமே இதயத் தசையில ஒரே இடத்துல போய் வேலை செய்யும், உருவமும் கிட்டத்தட்ட அதே மாதிரி. ஆஸ்பத்திரில பண்ற டிஜாக்சின் டெஸ்ட்டு ஆன்டிபாடியை வச்சுப் பண்றது, அந்த ஆன்டிபாடி உருவத்தைப் பார்த்து ஏமாந்து அரளி விஷத்தையும் பிடிச்சுக்கும். அதனால டெஸ்ட் பாசிட்டிவ்னா ஏதோ ஒரு இதய கிளைக்கோசைடு உள்ள போயிருக்குன்னு அர்த்தம், ஆனா அதுல வர்ற நம்பரை நம்பக்கூடாது, நம்பர் கம்மியா இருந்தாலும் ஆள் சீரியஸா இருக்கலாம்.

இந்தத் துப்பு புதுசும் இல்ல. 1997ல அமெரிக்காவுல ஒரு 23 வயசு பொண்ணு, உடம்பைச் சுத்தம் பண்றதா சொல்லி ஒரு மூலிகை செட்டு சாப்பிட்டுட்டு வாந்தியோட ஆஸ்பத்திரிக்கு வருது, இதயத்துடிப்பு தாறுமாறு, ரத்தத்துல டிஜாக்சின். அது சாப்பிட்ட அஞ்சாறு சரக்குல எதுன்னு ஒவ்வொண்ணா தேடினா, பிளான்டைன்னு ஒரு சாதாரண இலை, நம்ம இசப்கோலுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், அதுல டிஜிட்டாலிஸ் இலை கலந்திருக்கு. கடைக்காரன் கலக்கல, பாட்டில்ல அடைச்சவனும் கலக்கல, மூட்டையா இறக்குமதி ஆகறப்பவே கலந்து வந்திருக்கு, அந்தச் சரக்கு ரெண்டு வருஷமா 150 கம்பெனிக்கு மேல போயிருக்கு. இலை ரெண்டும் காய்ஞ்சா ஒரே மாதிரி பச்சைத்தூள், யாரும் திறந்து மைக்ராஸ்கோப்ல பார்க்கல. எனக்கு கோபம் வர்றது அங்கதான், பார்த்திருந்தா ஒரு மணி நேர வேலை.

நம்ம பக்கத்துல வைத்தியம்னா இலங்கைலதான் அரளி கேஸை ரொம்ப ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க, டிஜாக்சினுக்கு எதிரான ஆன்டிபாடி ஊசி அரளிக்கும் வேலை செய்யுதுன்னு 2000ல அங்க நடந்த ஆய்வுலதான் தெளிவாச்சு. ஆனா அந்த ஊசியோட விலையைக் கேட்டா மயக்கம் வரும்.

பவுடரை தண்ணில போட்டா மிதந்தா போலி, மூழ்கினா அசல்னு ரீல்ஸ்ல காட்டறாங்களே, அதை நம்பலாமா? (பெரம்பூர்)

அரளிக்கொட்டைத் தூள் மிதக்குமா மூழ்குமான்னு அந்த ரீல்ஸ் தம்பி கிட்ட கேளுங்க. தண்ணி டெஸ்ட், நெருப்பு டெஸ்ட், எலுமிச்சை டெஸ்ட்டு எல்லாம் ஸ்டார்ச்சு, சாக்பீஸ் தூள், மரத்தூள் மாதிரி கலப்படத்துக்குதான் கொஞ்சமாவது சரிப்படும். விஷச்செடிக்கு சரிப்படாது, ஏன்னா விஷச்செடியும் செடிதான், தண்ணில எல்லாச் செடியும் ஒரே மாதிரிதான் நடந்துக்கும்.

முழுசா இருந்தா மட்டும் கண்ணு உதவும். கடுகை எடுத்துக்கங்க, பிரம்மதண்டு விதையை அதுல கலந்தா சட்டுனு தெரியாது, ரெண்டும் கருப்பு, சின்னது. ஒரு கைப்பிடி வெள்ளைத் தட்டுல கொட்டி லென்ஸ் வச்சுப் பாருங்க, கடுகு வழுவழுன்னு இருக்கும், பிரம்மதண்டு சொரசொரன்னு இருக்கும், நசுக்கினா கடுகு உள்ள மஞ்சள், பிரம்மதண்டு உள்ள வெள்ளை. காலி மனையில முள்ளு முள்ளா மஞ்சப் பூவோட வளருமே அதே செடி. 1998ல டெல்லில இது கலந்த கடுகெண்ணெயால கால் வீங்கி, இதயம் பலவீனமாகி 60 பேருக்கு மேல செத்தாங்க. விதையா இருந்தா நீங்களே பிடிச்சுடலாம், எண்ணெயா ஆயிட்டா லேப்தான் பிடிக்கணும்.

பேரனுக்கு வயிறு உப்புசம். அன்னாசிப்பூ போட்டு கஷாயம் வச்சுக் குடுக்கலாம்னு எங்க வீட்டுல பேச்சு. (அம்பத்தூர் பாட்டி)

வேண்டாம் பாட்டி, கைக்குழந்தைக்கு மட்டும் வேண்டவே வேண்டாம். பிரியாணில போடற அன்னாசிப்பூ நல்லதுதான், அதுக்கு ஜப்பான்ல ஷிகிமின்னு ஒரு உடன்பிறப்பு இருக்கு, அங்க கோவில்ல ஊதுபத்திக்கு பயன்படுத்தற மரம், காய் அச்சு அசல் அதே நட்சத்திரம். அதுல இருக்கற அனிசாட்டின் மூளைல அமைதிப்படுத்தற சிக்னலையே தடுத்துடும், வலிப்பு வரும். 2001ல நெதர்லாந்துல பெரியவங்களுக்கே டீ குடிச்சு வலிப்பு வந்துச்சு. 2003ல அமெரிக்காவுல எஃப்டிஏ எச்சரிக்கை விட்டப்ப கிட்டத்தட்ட 40 பேர் பாதிக்கப்பட்டிருந்தாங்க, அதுல 15 பேர் கைக்குழந்தைங்க, குழந்தை வயித்துவலிக்கு நல்லதுன்னு நம்பி வீட்டுல டீ வச்சுக் குடுக்கறது அங்கயும் உண்டு. நல்ல அன்னாசிப்பூவுக்கு பெரும்பாலும் எட்டு இதழ், சோம்பு வாசனை தூக்கும். ஷிகிமி கொஞ்சம் சின்னது, நுனி கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கும், சோம்பு வாசனை இருக்காது. ஆனா பாக்கெட்டுல உடைஞ்ச துண்டா வர்றப்ப எதை எண்ணறது, எதை மோந்து பார்க்கறது? குழந்தையை டாக்டர் கிட்ட காட்டுங்க.

இயற்கைன்னா சைடு எஃபெக்ட் கிடையாதுன்னு என் வீட்டுக்காரர் சொல்றாரு. (போரூர்)

முதல் பதிலை சத்தமா படிச்சுக் காட்டுங்க.

எங்க காம்பவுண்டுல வரிசையா அசோக மரம் நிக்குது. பட்டையை உரிச்சு கஷாயம் வைக்கலாமா? கடைல கிலோ என்ன விலை சொல்றான் தெரியுமா! (சூளைமேடு)

உங்க காம்பவுண்டுல நிக்கறது நெட்டிலிங்கம். ஒல்லியா, உசரமா, இலை தொங்கிக்கிட்டு, அபார்ட்மென்ட் ஓரமா வைப்பாங்களே அது. மருந்துக்கு ஆகற அசோகு வேற, குடை மாதிரி படர்ற மரம், கிளையிலயே கொத்துக் கொத்தா ஆரஞ்சுப் பூ பூக்கும். அசல் மரம் காட்டுல குறைஞ்சுபோச்சு, நெட்டிலிங்கம் ஊர் பூரா இருக்கு, அதனால பட்டை மாறி வர்றது இந்த வியாபாரத்துல ரொம்ப நாள் கதை. இது அரளி மாதிரி ஆளைக் கொல்லாது, ஆனா மாதவிடாய்ல அதிகமா ரத்தம் போறதுக்கு மருந்துன்னு ஒரு பொம்பளை மாசக்கணக்குல மாத்துப் பட்டையைக் குடிச்சுக்கிட்டு டாக்டர் கிட்ட போகாம இருந்தா அதுவும் ஆபத்துதான்.

லேப்ல இதை ரொம்ப சுலபமா பிரிச்சுடுவாங்க. எச்பிடிஎல்சின்னு ஒரு முறை. ஸ்கூல்ல சாக்பீஸ்ல ஸ்கெட்ச் மை தொட்டு தண்ணில நிக்க வச்சா கலர் கலரா பிரிஞ்சு ஏறுமே, அதேதான், இங்க சாக்பீஸுக்கு பதில் சிலிக்கா பூசின ஒரு தகடு. தகட்டோட அடில அசல் அசோகுச் சாறு ஒரு கோடு, சந்தேகப்பட்ட சாறு பக்கத்துலயே ஒரு கோடு, கரைப்பான்ல நிக்க வச்சு ஏறினதும் புறஊதா வெளிச்சத்துல பார்த்தா நீலம், ஆரஞ்சு, பச்சைன்னு பட்டை பட்டையா ஒளிரும். ரெண்டு வரிசையும் பொருந்தலைன்னா சரக்கு மாறியிருக்கு. அரளி மாதிரி சந்தேகம்னா அதே தகட்டுல கெட்டே ரியேஜென்ட்டுன்னு ஒண்ணைத் தெளிப்பாங்க, இதய கிளைக்கோசைடு இருக்கற இடம் மட்டும் ஊதாவா மாறும். பெரிய செலவு இல்ல, ஆனா பக்கத்துல வைக்க அசல் மாதிரி வேணும், அதை வச்சிருக்கற லேப்தான் லேப்.

அமுக்கரா (அஸ்வகந்தா) கேப்சூல் வாங்கினேன், 'டிஎன்ஏ டெஸ்டட்'னு போட்டிருக்கு. அப்போ நூத்துக்கு நூறு சேஃப் தானே ப்ரோ? (இன்ஜினியரிங் மாணவர், குரோம்பேட்டை)

தம்பி, டிஎன்ஏ டெஸ்ட் நல்ல டெஸ்ட், ஆனா அது எதுக்கு பதில் சொல்லும் எதுக்கு சொல்லாதுன்னு தெரிஞ்சுக்கங்க. செடிக்குன்னு சில ஜீன் பகுதி இருக்கு, ஐடிஎஸ்2, மேட்கே, ஆர்பிசிஎல்னு, அதைப் படிச்சு இது எந்த இனம்னு சொல்லிடலாம், காய்ஞ்ச வேர், அரைச்ச தூளுக்கு அருமையா வேலை செய்யும். எக்ஸ்ட்ராக்ட்டுன்னு கொதிக்க வச்சு, ஆல்கஹால்ல வடிச்சு, சூடு காட்டி உலர்த்தினா அதுல டிஎன்ஏ மிஞ்சறதே சந்தேகம். 2015ல நியூயார்க் அட்டர்னி ஜெனரல் ஆபீஸ் பெரிய பெரிய கடைல விக்கற மூலிகை மாத்திரையை டிஎன்ஏ பார்த்து, நிறையதுல சொன்ன மூலிகையே இல்லைன்னு நோட்டீஸ் விட்டாங்க, உடனே மூலிகை விஞ்ஞானிங்களே எழுந்து நின்னு, எக்ஸ்ட்ராக்ட்ல டிஎன்ஏ தேடினா எப்படிங்க கிடைக்கும், கெமிஸ்ட்ரி பார்த்தீங்களான்னு கேட்டாங்க. மூலிகை இருந்தும் இல்லைன்னு வரலாம், அதே மாதிரி விஷச்செடியோட எக்ஸ்ட்ராக்ட் கலந்திருந்தும் டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு தெரியாமலே போகலாம்.

உங்க அமுக்கராவுக்கு இன்னொரு சிக்கல். மருந்துக்கு கிழங்கு, அதாவது வேர்தான். இலை விலை கம்மிங்கறதால இலையையும் சேர்த்து அரைக்கறவங்க இருக்காங்க, இலைல விதஃபெரின் ஏங்கற சரக்கு கூடுதல், அது செல்லுக்கு விஷம். இலையைப் பயன்படுத்தாதீங்கன்னு ஆயுஷ் அமைச்சகமே 2021ல கம்பெனிகளுக்குச் சொல்லியிருக்கு. இப்போ டிஎன்ஏ பார்த்தா என்ன வரும்? இலைக்கும் வேருக்கும் ஒரே டிஎன்ஏ, அமுக்கரான்னு ஜம்முனு பாஸ் ஆயிடும். அதே தூளை ஒரு சிட்டிகை எடுத்து குளோரல் ஹைட்ரேட்ல தெளிய வச்சு மைக்ராஸ்கோப்ல பார்த்தா இலையோட துளை, ஸ்டோமாட்டான்னு பயாலஜில படிச்சிருப்பீங்களே, அது தெரியும். வேர்ல ஸ்டோமாட்டா இருக்காது. நூறு வருஷத்துக்கு மேல பழைய டெக்னிக், இன்னும் அதை அடிச்சுக்க ஆள் இல்ல. கம்பெனிக்கு மெயில் போட்டு, உங்க பேட்ச் நம்பருக்கு மைக்ராஸ்கோப்பியும், எச்பிடிஎல்சி அல்லது அதே மாதிரி சாறைப் பிரிச்சுப் பார்க்கற எச்பிஎல்சியும் பார்த்த ரிப்போர்ட் குடுங்கன்னு கேளுங்க. குடுக்கறவன் குடுப்பான், 'எங்கள் மேல் நம்பிக்கை வைத்ததற்கு நன்றி'ன்னு மட்டும் பதில் வந்தா வேற பிராண்டு பாருங்க.

அதிவிடயம் குழந்தைக்கு குடுக்கறது. அதையும் விஷம்னு சொல்லிடுவீங்களா? (திருவொற்றியூர்)

சொல்ல மாட்டேன், ஆனா கேட்டு வாங்குங்க. அதிவிடயம் இமயமலைச் சரக்கு, விலை ஜாஸ்தி. அது வச்சநாபிங்கற கொடிய விஷக்கிழங்குக்கு பங்காளி, ஒரே பேரினம், வச்சநாபில இருக்கற அக்கோனிட்டின் விஷம் இதுல இல்லாததாலதான் குழந்தைக்கே குடுக்கறாங்க. நம்ம பக்கம் 'நாட்டு அதிவிடயம்'னு விக்கறது முழுக்க வேற செடி, தண்ணி ஓரத்துல வளர்றது. சில இடத்துல கோரைக்கிழங்கையும் பதிலுக்குப் போடுவாங்க, அதுக்கு நூல் ஆதாரமே உண்டு. எந்த அதிவிடயம்னு கேளுங்க, முழுக் கிழங்கா வாங்கி வைத்தியர் கிட்ட காட்டிட்டு அரைங்க. நாக்குல வச்சா மரத்துப்போற மாதிரி இருந்தா உடனே துப்பிடுங்க, அது வச்சநாபி வகையறா.

சித்த மருத்துவத்தையே கேவலப்படுத்தறீங்க. எங்க மருந்துல சேராங்கொட்டையும் எட்டிக்கொட்டையும் ஆயிரம் வருஷமா இருக்கு, யார் செத்தா? (தாம்பரம் சானடோரியம்)

ஐயா, நீங்க சொல்றதுதான் என் கட்சியும். வைத்தியருக்கு அது விஷம்னு தெரியும், அதனாலதான் சுத்தி பண்றாரு, அதாவது விஷத்தை முறிக்கறாரு, அளவு பார்க்கறாரு, பத்தியம் சொல்றாரு. சட்டத்துலயும் அட்டவணை இ1னு ஒண்ணு இருக்கு, சேராங்கொட்டை, எட்டி, ஊமத்தை மாதிரி சரக்கு சேர்ந்திருந்தா மருத்துவர் மேற்பார்வைல சாப்பிடணும்னு லேபிள்ல எச்சரிக்கை போட்டே ஆகணும். நான் பேசறது யாருக்கும் தெரியாம, லேபிள்ல இல்லாம, சுத்தி பண்ணாம உள்ள வர்ற விஷத்தைப் பத்தி.

பெல்ஜியத்துல அதுதான் நடந்தது. 1990கள் ஆரம்பத்துல பிரஸ்ஸல்ஸ்ல உடம்பு குறைக்கற ஒரு கிளினிக், சீன மூலிகை ஒண்ணு குடுத்தாங்க, சீனப் பேரு கிட்டத்தட்ட ஒண்ணா இருந்ததால அதுக்கு பதில் அரிஸ்டோலோக்கியா வேர் வந்துடுச்சு. நூத்துக்கு மேல பொம்பளைங்களுக்கு கிட்னி போச்சு, சில வருஷம் கழிச்சு செயலிழந்த கிட்னியை எடுத்துக்கச் சம்மதிச்ச 39 பேரைப் பார்த்தா 18 பேருக்கு சிறுநீர்ப் பாதையில கேன்சர். அரளி அன்னைக்கே காட்டிடும், இது வருஷக்கணக்கா சத்தமே போடாது. அதே குடும்பம்தான் நம்ம ஆடுதீண்டாப்பாளையும் ஈஸ்வரமூலியும். பேர் தெரிஞ்ச சரக்குன்னு கைவைத்தியமா மாசக்கணக்குல சாப்பிடறவங்க இதை ஒரு தடவை யோசிக்கணும்.

சந்தேகமா ஒரு பாட்டில் இருக்கு. மெட்ராஸ்ல எங்க குடுத்து டெஸ்ட் பண்றது? (திருவல்லிக்கேணி)

முதல்ல லேபிளைத் திருப்பிப் பாருங்க. 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ நம்பர் இருந்தா அது உணவு சப்ளிமென்ட்டு, மருந்து லைசென்ஸ் நம்பர் இருந்தா அது சித்தா, ஆயுர்வேத மருந்து, ரெண்டுக்கும் ஆபீஸ் வேற. உணவுன்னா வாங்கினவங்களே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளர் கிட்ட பரிசோதிக்க 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டம் 40வது பிரிவுல உரிமை இருக்கு, கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் வளாகத்துல அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கு. புகாருக்கு 1800112100. மருந்துன்னா மாநில இந்திய மருத்துவத் துறை, அரும்பாக்கம் அண்ணா ஆஸ்பத்திரி வளாகத்துல போய் கேட்டா வழி சொல்வாங்க. எந்த நம்பருமே இல்லைன்னா டெஸ்ட்டுக்கு காசு செலவு பண்ணாதீங்க, சாப்பிடறதை நிறுத்திட்டு புகார் குடுங்க.

தனியார் லேபுக்குப் போனா 'எல்லா டெஸ்ட்டும் பண்ணுங்க'ன்னு சொல்லாதீங்க, ஈயம், பாதரசம், கிருமி எல்லாம் பார்த்து ரிப்போர்ட்ல பாஸ்னு அடிச்சுக் குடுத்துடுவாங்க, உள்ள அரளி இருந்தாலும் அது பாஸ்தான், ஏன்னா அதை யாரும் தேடவே இல்ல. இன்ன செடின்னு சந்தேகம், இதய கிளைக்கோசைடு பாருங்க, அரிஸ்டோலோக்கிக் ஆசிட் பாருங்கன்னு குறிப்பா எழுதிக் குடுக்கணும், சரக்கைப் பிரிச்சு ஒவ்வொரு ரசாயனத்தையும் எடையை வச்சு அடையாளம் காட்டற எல்சிஎம்எஸ் மெஷின் இருக்கான்னும் கேட்டுக்கங்க. சாப்பிட்டு உடம்புக்கு முடியலைன்னா டெஸ்ட்டெல்லாம் அப்புறம், முதல்ல 108. மீதி கேப்சூலைக் கொட்டாதீங்க, வேற டப்பாவுக்கும் மாத்தாதீங்க, பேட்ச் நம்பர் இருக்கற அதே பாட்டில், கூடவே பில்லு, இது ரெண்டும் இல்லைன்னா எந்த ஆபீசரும் கடைக்காரனைக் கேள்வி கேட்க முடியாது.